மீன் காசின் களிம்பு

"இது என்னெண்டு உனக்குத் தெரியுமா, மச்சி?"

நப்லா உள்ளங்கையை விரித்துக்கொண்டு கேட்டாள். அதில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மீன் கிடந்தது. வெண்கலத்தில் வார்த்த மீன். முதுகில் சிறிய செட்டை, கூரான மூக்கு, ஒரு பக்கமாக வளைந்த வால். உடம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு.

"தெரியா" என்றேன்.

அது பொய். கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் அது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் அன்றைக்கு நானாகத்தான் இருந்திருப்பேன். அதைக் காகிதத்தில் சுற்றி அவளிடம் கொண்டுவந்து கொடுத்ததே நான்தான். கொடுப்பதற்கு முந்தின இரவு முழுவதும் அது என்னிடம் இருந்தது. அதன் விலாவில் இரண்டு எழுத்துகள் புடைத்திருந்ததைக் கண் காணும் முன் என் பெருவிரல் கண்டுபிடித்தது. ஒன்று, நடுவில் புள்ளி வைத்த வட்டம். மற்றது, கவட்டுத் தடி மாதிரி. இரண்டும் கிரேக்க எழுத்துகள்.

நப்லா என் உம்மாவின் அண்ணன் இப்றாஹிம் மாமாவின் மகள். அண்ணனை நாங்கள் காக்கா என்போம். எங்கள் வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளி அவர்கள் வீடு. பத்தாம் வகுப்பு வரைக்கும் நானும் அவளும் ஒரே வகுப்பு. பேச்சுப் போட்டியென்றால் அவள், குர்ஆன் ஓதும் கிறாஅத் போட்டியென்றால் அவள், அதிபர் வரவேற்புரை சொல்ல ஆள் தேடினால் அவள். நான் அவளுடைய தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் நிற்பேன்.

கொரோனாவுக்குப் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். படிப்பு போனுக்குள் வந்தது. ஒரு நாள் விஞ்ஞான டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டு, "பஸ்மினா, மைக்கைத் திறந்து விடை சொல்லுங்க" என்றார். திறந்தேன். என் வாய் திறப்பதற்குள் எங்கள் சேவல் கூவியது. நாற்பது பேர் சிரித்தார்கள். நான் மைக்கை மூடினேன். பிறகு பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள், நான் போகவில்லை. நப்லாவும் அன்று சிரித்தாள் என்று பல நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் வகுப்பில் இருந்தாளா என்பதுகூட இப்போது எனக்கு நிச்சயமில்லை.

அவள் ஒலுவில் கம்பஸில் இரண்டாம் வருடம். நான் ஒரு கடைக்கு அபாயாக்களுக்குக் கரை மடித்துத் தைத்துக் கொடுக்கிறேன். தையல் மெஷினுக்குக் கீழே வெட்டுத்துணி போடும் பெட்டி இருக்கிறது. அதற்குள் என் கொப்பிகள் கிடக்கின்றன. மீன் காசைப் பற்றி எழுதியது நான்காவது கொப்பியில்.

அது தொடங்கியது என் காக்காவால். நளீர் காக்கா இரண்டு வருடங்களுக்கு முன் ருமேனியாவுக்கு வேலைக்குப் போனார். கருங்கடல் ஓரத்தில் கொன்ஸ்தான்சா என்றொரு துறைமுக நகரம். அங்கே கட்டட வேலை. ஒரு விடுமுறை நாளில் கூட வேலை செய்கிறவர்களோடு நூதனசாலைக்குப் போய்ப் படங்கள் அனுப்பினார். சிலைகள், ஜாடிகள், கடைசியாக ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சின்னச் சின்ன மீன்கள் வரிசையாகக் கிடந்தன. "இது என்னெண்டு விளங்கல்ல, நல்ல வடிவு" என்று காக்கா எழுதியிருந்தார்.

எங்கள் குடும்பக் குழுவில் பதினேழு பேர் இருக்கிறார்கள். எல்லோரும் இதயமும் பூவும் போட்டார்கள். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியிலிருந்த பெயர்ச்சீட்டிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, போனில் தேடத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழாக்கித் தரும் செயலி பாதியைப் பிழையாகத் தந்தது. அந்தப் பிழைகளையும் எழுதி வைத்துத் திருத்தித் திருத்தி ஒரு மாதம் போனது.

ஒல்பியா என்றொரு நகரம். கிரேக்கர்கள் தங்கள் ஊரிலிருந்து கப்பலேறிப் போய், கருங்கடலின் வடகரையில் பெரிய ஆறு கடலோடு சேரும் இடத்தில் குடியேறிக் கட்டியது. ஒரு பக்கம் கோதுமை வயல், ஒரு பக்கம் மீன். அவர்கள் கொஞ்ச காலம் வட்டக் காசு அடிக்கவில்லை. வெண்கலத்தை உருக்கி அச்சில் ஊற்றி ஓங்கில் வடிவத்தில் காசு வார்த்தார்கள். ஓங்கில், அதாவது டொல்பின், உண்மையில் மீனில்லை. குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. ஆனால் எங்கள் கரைவலைக்காரர்களுக்கு அதுவும் மீன்தான், ஒல்பியாக்காரர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மண்ணைத் தோண்டியபோது சில எலும்புக்கூடுகளின் கைக்குள்ளே இந்த மீன்கள் இருந்தனவாம். சில மீன்களில் எழுத்து உண்டு. அது ஆளின் பெயரா, வேறேதுமா என்று படித்தவர்களே இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். பிற்காலத்தில் அந்த நகரம் வட்டமான வெண்கலக் காசும் அடித்தது. ஒன்றில் கொம்பு முளைத்த ஆற்றுத் தெய்வத்தின் தலை, பின்பக்கம் கோடரியும் வில்லுறையும். எனக்கு அது பிடிக்கவில்லை. மீன்தான் பிடித்தது.

காக்காவோடு போனில் கதைக்க எனக்கு நாக்கு எழாது. உம்மா போனைத் தந்தால் "நல்லா இரிக்கன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதனால் எழுதி அனுப்பினேன். கொப்பியில் எழுதியதைப் பார்த்துப் பார்த்துப் போனில் தட்டினேன். இரண்டு மாதத்தில் பதினொரு நீளமான செய்திகள். பழைய வெண்கலக் காசு கிடைத்தால் கழுவவோ தேய்க்கவோ கூடாது, அந்தப் பச்சைக் களிம்புதான் அதன் வயதுக்குச் சாட்சி என்பதும் அதில் இருந்தது. "வட்டக் காசுக்கு முகம் மட்டும்தான். இந்தக் காசுக்கு உடம்பும் இருக்கிறது" என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரிக்கு எனக்கு மூன்று நாள் எடுத்தது.

ஒவ்வொரு செய்திக்கும் காக்கா பெருவிரல் ஒன்றை உயர்த்திக் காட்டினார். பதினொரு செய்திக்கும் பதினொரு பெருவிரல்.

பிறகு மாவடிப்பள்ளி பாயிஸ் நானா ஊருக்கு வந்தார். அவர் காக்காவோடு ஒரே அறையில் இருப்பவர். காக்கா கொடுத்துவிட்ட பையை எங்கள் மண்டபத்தில் வைத்து அவிழ்த்தார். உம்மாவுக்குப் போர்வை, வாப்பாவுக்கு மணிக்கூடு, பிள்ளைகளுக்குச் சொக்லட். எனக்கு ஒரு தடித்த கம்பளிச் சட்டை.

"இதப் போட்டுக்கிட்டு கல்முனை பஸ்ஸ்டாண்டுல நிண்டாப் போதும்" என்று பாயிஸ் நானா சொன்னார், "அவிச்ச கிழங்கு மாதிரி வெந்திருவா."

எல்லோரும் சிரித்தோம். பையின் அடியில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் இருந்தது.

"இது ஞாயித்துக்கிழமச் சந்தையில ஒரு கிழவனிட்ட வாங்கின. பழைய காசாம். நான் கேட்டன், மீன் வாங்க மீன் குடுக்கிற ஊரா இது? அப்ப கோழி வாங்க என்ன குடுப்பானுகள், முட்டையா எண்டு. நளீருக்குக் கோவம் வந்திட்டு."

என் கை தானாக நீண்டது. பொட்டலத்தின் மேல் காக்காவின் எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. நப்லா.

உம்மா அதைப் பார்த்து வாய்க்குள் சிரித்தாள். இரண்டு வீட்டிலும் அவர்களுடைய கலியாணப் பேச்சு ஆறு மாதமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவார். இப்றாஹிம் மாமா நப்லாவுக்கென்று கட்டும் வீடு கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. காக்கா நாலு வளவு தள்ளிப் போவது ஒரு தூரமில்லை. ஆனாலும் எங்கள் மண்டபத்துக் கதிரையிலிருந்து எழுந்து அவளுடைய மண்டபத்துக் கதிரையில் போய் உட்காருவார்.

"நாளைக்கு நீயே கொண்டுபோய்க் குடு மகள்" என்றாள் உம்மா.

அப்படித்தான் அது அவளுடைய உள்ளங்கைக்கு வந்தது.

நான் தெரியாது என்று சொன்னதும் நப்லாவின் முகம் மலர்ந்தது. அவளுக்கு யாருக்காவது ஒன்றைச் சொல்லிக் கொடுக்கக் கிடைத்தால் போதும்.

"இது காசுகா! மீன் காசு. ரெண்டாயிரத்து நானூறு வருசப் பழசாம். நில்லு, மச்சான்ட வொய்ஸப் போடுறன், கேளன். நாலு நிமிசம் கதைச்சிரிக்காரு."

போனைத் திருப்பி வைத்தாள். காக்காவின் குரல் வந்தது. ஆறு, கோதுமை, அச்சில் ஊற்றும் வெண்கலம், செத்தவர்களின் கைக்குள் இருந்த மீன். ஒவ்வொன்றும் நான் அடுக்கி வைத்த அதே ஒழுங்கில் வந்தது. காக்கா நன்றாகச் சொன்னார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "வட்டக் காசுக்கு முகம் மட்டும்தான் நப்லா. இந்தக் காசுக்கு உடம்பும் இரிக்கி" என்றார்.

"அல்லாஹ்! எப்படிச் சொல்றாரு பாத்தியா?" நப்லா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "மச்சான் ஓயெல் சோதனையோட படிப்ப விட்டவரெண்டு சொன்னா ஆராச்சும் நம்புவாங்களா? எங்கட கம்பஸ்ல லெக்சர் பண்றவங்களுக்குக்கூட இப்படி வராது."

நான் தலையை ஆட்டினேன்.

"நீ ஒண்டும் சொல்றல்லியே?"

"நல்லா இரிக்கி."

"உனக்கென்னகா வந்திரிக்கி?"

"கம்பளிச் சட்டை."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நான் சிரிக்காததைக் கண்டு, என் தோளில் கை போட்டு, "கோவமா?" என்றாள். "இல்ல" என்றேன். நான் இல்லையென்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். வெட்கக்காரியை ஒருவரும் சந்தேகப்படுவதில்லை.

அன்று வீட்டுக்கு வந்து அவளைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினேன். அவளுடைய சிரிப்பு, அவள் ஷோலைப் பின்குத்தும் விதம், ஸ்கூட்டியை முற்றத்தில் சாய்த்துவிட்டு உம்மாவின் குசினிக்குள் நேரே போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கும் உரிமை. எழுதி முடித்து வாசித்தால், ஒரு பிழையும் அகப்படவில்லை. நல்ல பிள்ளை ஒருத்தியைப் பற்றி எட்டுப் பக்கம். அதுதான் என்னை இன்னும் எரித்தது.

மாமா வீட்டார் முறையாகக் கேட்டு வருவதற்குச் சனிக்கிழமை என்று நாள் வைத்தார்கள். வியாழக்கிழமை உம்மா பெட்டகத்திலிருந்து பித்தளைச் சாமான்களை இறக்கினாள். வெற்றிலை வைக்கும் வட்டா, கை கழுவத் தண்ணீர் ஊற்றும் கிண்டி, எச்சில் துப்பும் படிக்கம். விருந்துக்கு முன் அவை கண்ணைப் பறிக்க வேண்டும். பளபளக்காத வட்டாவில் வெற்றிலை வைத்தால், அந்த வீட்டுப் பெண்களுக்குச் சோம்பல் என்று அர்த்தம். கிணற்றடியில் பழப்புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு உம்மாவும் நானும் உட்கார்ந்தோம். பக்கத்தில் அடுப்புச் சாம்பல், செங்கல் தூள், ஒரு பிடி தென்னந்தும்பு.

ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. நப்லா கம்பஸிலிருந்து நேரே வந்திருந்தாள்.

"மாமி, கை எல்லாம் புளியா? வாங்க, நானும் தேய்க்கன்."

"நீ தேய்ச்சு என்னத்துக்கு மகள்? நீங்க வாறத்துக்குத்தானே நாங்க தேய்க்கிற" என்றாள் உம்மா.

நப்லா பையிலிருந்து மீனை எடுத்தாள். "இதப் பாருங்க மாமி, மச்சான் தந்த. ஒரே பச்சை பிடிச்சுப் போய்க் கிடக்கு. கூட்டாளிமார் பாத்திட்டு, பாசி பிடிச்ச மீனாடி எண்டு கேக்காளுகள். எங்கட வரலாற்றுப் பாட மேடம் திங்கக்கிழமை கொண்டுவந்து காட்டச் சொல்லிரிக்காங்க. இப்படியே எப்படிக் கொண்டு போற?"

"ஒரு மீனையா மாப்புள அனுப்பியிரிக்கான்?" உம்மா சிரித்தாள். "இதுதான் பொண்ணுக்குக் குடுக்கிற மஹரெண்டு சொல்லிடப் போறான், கவனம். தா, வட்டாவோட சேத்துத் தேய்ச்சாச் சரி. புளி படாத பித்தள ஒண்டு இரிக்கா? பஸ்மினா, உன்ட கை சின்னக் கை. நீ தேய்."

மீன் என் கைக்கு வந்தது.

நப்லா எனக்கு எதிரே குந்தியிருந்தாள். "போயிருமாகா? மச்சி, தேய்ச்சா ஒண்டும் ஆகாதே?"

ஒரு சொல் போதுமாக இருந்தது. வேணாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்பாள், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். கொப்பி வெளியே வரும், பதினொரு செய்தியும் வெளியே வரும், அவள் கைதட்டிச் சந்தோசப்படுவாள். அந்தச் சந்தோசத்தையும் என்னால் தாங்க முடியாதென்று பட்டது. ஆனால் நான் பேசாமல் இருந்தது அதனால் மட்டுமில்லை.

"ஒண்டும் ஆகா" என்றேன்.

தும்பைப் புளியில் தோய்த்தேன். முதல் தேய்ப்பிலேயே பச்சை இளகி, புளித்தண்ணீர் வேப்பிலை அரைத்த நிறமானது. சாம்பலைத் தொட்டேன். முதுகு வெளுத்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம், நப்லாவுக்கு அதுவே போதும். நான் செங்கல் தூளை எடுத்தேன். விலாவைத் திருப்பி, புள்ளி வைத்த வட்டத்தின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தினேன். அந்த எழுத்துகள் உலோகத்தில் ஆழமாக ஊன்றியிருக்கவில்லை. இத்தனை காலமும் மண்ணுக்குள் கிடந்து, களிம்போடு களிம்பாக நின்றவை. களிம்பு உரிய உரிய அவையும் போயின. முதலில் புள்ளி போனது. பிறகு வட்டம் ஒரு பக்கமாகத் திறந்தது. கவட்டுத் தடியின் ஒரு கை கடைசிவரை நின்றது. அதையும் தேய்த்தேன்.

கிணற்றுத் தண்ணீரில் அலசி நீட்டினேன். மீன் இப்போது புதுச் செம்புக் குடம் மாதிரிச் சிவந்து மின்னியது. கல்முனைச் சந்தைக் கடையில் சாவிக்கொத்தோடு தொங்குகிறவற்றைப் போல இருந்தது.

"மாஷா அல்லாஹ்!" நப்லா துள்ளினாள். "உன்ட கைக்கு முத்தம் தரணும்." தந்தும் விட்டாள். என் விரல்களில் புளி மணத்தது.

சனிக்கிழமை மாமா வீட்டார் வந்தார்கள். வட்டிலப்பமும் தொதலும் வாழைக்குலையும் வந்தன. வட்டா மின்னியது. காக்கா லீவில் வரும் மாதத்தில் நிக்காஹ் என்று முடிவானது. நான் குசினிக்குள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சந்தோசமாக இருப்பதுபோல ஒவ்வொரு கோப்பையாக நிரப்பினேன்.

திங்கட்கிழமை பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு, நான் அபாயா ஒன்றுக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தபோது, போன் அதிர்ந்தது. காக்கா குரல் அனுப்பியிருந்தார். குடும்பக் குழுவுக்கல்ல, எனக்கு. எனக்கென்று அவர் அனுப்பிய முதல் குரல் அது. ஒன்பது வினாடி.

"புள்ள, நீதானே எனக்கு எழுதின கழுவவும் கூடாதெண்டு. தெரிஞ்சிக்கிட்டா தேய்ச்ச? ஏன் புள்ள?"

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. களைத்துப்போன ஆளின் குரலாக இருந்தது. பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தரம் கேட்டேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி கரையை மடித்தேன்.

நான் எதிர்பார்த்தபடியே ஸ்கூட்டி முற்றத்துக்கு வந்தது. வழமையாகக் குசினிக்குள் போகிறவள் நேரே என் அறைக்குள் வந்து, மெஷினுக்குப் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். கம்பஸ் பை இன்னும் தோளில் இருந்தது. அவளுடைய சங்கிலியில் மீன் தொங்கியது.

"மேடத்திட்டக் காட்டின" என்றாள். "கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. இத ஆரு இப்படிச் செய்த எண்டு கேட்டாங்க. உண்மையான சாமானா, இப்ப வார்த்து விக்கிற போலியா எண்டு சொல்றதுக்கு, மேல இருந்த அந்தப் பச்சைதான் சாட்சியாம். எழுத்துக் கிழுத்து இருந்திச்சா எண்டு கேட்டாங்க. நான் கவனிக்கல்ல எண்டன். வகுப்புல எழுவது பேருக்கு முன்னால."

நான் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மச்சானுக்குக் கோல் எடுத்தன். நாந்தான் தேய்க்கக் குடுத்த, பஸ்மினாவ ஏசாதீங்க, பாவம், அவளுக்கு என்ன தெரியும் எண்டு சொன்னன். அப்ப அவர் கோல வெட்டிட்டாரு. கொஞ்ச நேரத்தால இத அனுப்பினாரு."

போனை நீட்டினாள். என் செய்திகள். காக்கா பதினொன்றையும் அப்படியே அனுப்பியிருந்தார். தேதிகளும் இருந்தன. நப்லா விரலால் தள்ளித் தள்ளி ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"வட்டக் காசுக்கு முகம் மட்டும்தான். இது நீ எழுதினதா?"

"ஓம்."

"எல்லாம்?"

"ஓம்."

"நான் இதக் கேட்டுப்போட்டு எத்தின நாள்..." அவள் காதுவரை சிவந்துவிட்டாள். காக்காவின் மேலா என் மேலா அந்தக் கோபம் என்று எனக்கு விளங்கவில்லை. "அவருக்கு நான் வேற சொல்லிக்கிறன்" என்றாள். "நீ சொல்லு. எனக்கிட்ட ஏன் சொல்லல்ல? நான் மேடத்திட்ட உன்ட பேரச் சொல்லியிருப்பன். உன்னையே கூட்டிக்கிட்டுப் போயிருப்பன். இந்த மாதிரி எழுதுற ஆள் எங்கட வகுப்புல ஒருத்தரும் இல்ல."

அவள் பொய் சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு போயிருப்பாள். என் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தி, எல்லோரும் கேட்கும்படி என் பெயரைச் சொல்லியிருப்பாள். பிறகு எல்லோரும் நப்லா எவ்வளவு நல்லவள் என்று சொல்லியிருப்பார்கள்.

"உனக்கு அது வேணுமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, அந்த இடத்திலேயே தந்திருப்பன் மச்சி. உன்ட காக்கா வாங்கின சாமான்தானே."

"தெரியும்" என்றேன்.

"அப்ப?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நடுங்கவில்லை.

"எனக்கு அது வேணாம். உனக்குக் கிடைச்சதுதான் எனக்குப் பொறுக்கல்ல. அதுல ரெண்டு எழுத்து இருந்திச்சு. விலாப் பக்கம். ரெண்டாயிரத்து நானூறு வருசத்துக்கு முதல் ஆரோ அச்சில வெட்டின எழுத்து. நீ கவனிக்கல்ல, காக்கா கவனிக்கல்ல, எனக்கு மட்டும்தான் தெரியும். நீ எனக்கு முன்னால குந்தியிருக்கக்குள்ள, அந்த எழுத்துப் போறதப் பாத்துப் பாத்துத்தான் தேய்ச்சன். முதல்லயே பச்சை போயிட்டு. நான் நிப்பாட்டல்ல."

அவளிடம் நான் ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்தது அதுதான் முதல் தரம்.

நப்லா என் முகத்தைப் பார்த்தாள். என்னை இப்போதுதான் காண்கிறவள்போல, நெற்றியிலிருந்து நாடிவரை பார்த்தாள். அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் நானும் ஏசலாம். அதற்குச் சொற்கள் எட்டுப் பக்கத்துக்கு இருந்தன. அழுவாள் என்றும் நினைத்தேன். அழுதால் மன்னிப்புக் கேட்கலாம்.

அவள் கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனாள். சங்கிலியைக் கழற்றி என் மடியில் எறியப் போகிறாள் என்று நினைத்து, நான் அபாயாவை ஒதுக்கிவிட்டு மடியை விரித்தேன். அவள் பிசகியிருந்த கொக்கியைச் சரியாக மாட்டினாள். மீனை எடுத்து ஷோலுக்குள் விட்டாள்.

உம்மா தேத்தண்ணீரோடு வாசலில் நின்றாள். "வந்த சத்தமும் இல்ல, ரெண்டு பேரும் என்ன ரகசியம்? இந்தா மகள், இஞ்சி போட்ட. சனிக்கிழமைத் தொதலும் கிடக்கு, எடுக்கட்டா?"

நப்லா எழுந்தாள். முக்காலியை இருந்த இடத்திலேயே சரியாக வைத்தாள். உம்மாவின் கையிலிருந்த கோப்பையைத் தொட்டு, மெதுவாகத் தள்ளி வழி எடுத்துக்கொண்டு மண்டபத்தைக் கடந்தாள்.

"நப்லா? என்ன மகள், குடிக்காமப் போறா?"

முற்றத்தில் அவள் ஹெல்மெட்டைப் போட்டாள். ஸ்கூட்டி முதல் தரம் எழும்பவில்லை. இரண்டாம் தரம் எழும்பியது. உம்மா வாசலிலிருந்து இன்னொரு தரம் கூப்பிட்டாள். நப்லா திரும்பிப் பார்க்கவில்லை. படலையைக் கடந்து, நாலு வளவு தள்ளியிருக்கும் தன் வீட்டுப் பக்கம் போனாள்.